வரிவடிவ மாற்றமும் வன்னியின் ஆவணங்களும்

ஒரு மொழியின் எழுத்து வடிவம் மாறும்பொழுது, முன்னைய வடிவில் எழுதப்பட்டவை யாவும் பின்வருவோர்க்கு எட்டாதனவாய்ப் போய்விடுமோ என்ற அச்சம் எழுவது இயல்பே. தமிழ் எழுத்துக்கு இவ்வச்சம் புதியதன்று. கல்லிலிருந்து ஓலைக்கும், ஓலையிலிருந்து அச்சுக்கும், அச்சிலிருந்து கணினிக்கும் அது பெயர்ந்து வந்துள்ளது. ஒவ்வொரு பெயர்ச்சியின்போதும் சில அடையாளங்கள் கைவிடப்பட்டன; சில புதிதாய்ச் சேர்ந்தன. பழையதைப் புதியதாக மாற்றித் தருவோர் அவ்வக் காலத்தில் தோன்றிய வண்ணமே இருந்தனர். முன்பு அப்பணியைப் பதிப்பாசிரியர் செய்தனர். இன்று இணைய உலாவியில் இயங்கும் சிறு கருவிகள் அதனைச் செய்கின்றன. ஒரு பக்கத்திலுள்ள பெட்டியில் பழைய எழுத்தினை இட்டு ஒரு விசையை அழுத்தினால், மறு பெட்டியில் புதிய எழுத்துத் தோன்றுகின்றது. இவ்வளவு எளிதாக நடைபெறுவதால், இதில் மனித அறிவுக்கு இடமில்லை என்ற எண்ணமும் பரவியுள்ளது. அவ்வெண்ணம் எத்துணை பொருந்தும் என்பதை ஆராய்வது, தன் ஆவணங்களிற் பெரும்பகுதியை இழந்து நிற்கும் வன்னிப் பெருநிலத்திற்கு இன்றியமையாததாகும்.

சீன எழுத்தின் அனுபவம்

எழுத்து மாற்றுக் கருவிகளைப் பற்றி எண்ணுவோர் முதலில் நோக்கத்தக்கது சீன எழுத்தாகும். சீன மக்கள் குடியரசு 1956ஆம் ஆண்டில் எழுத்து எளிமையாக்கத் திட்டமொன்றை வெளியிட்டது. 1964இல் வெளிவந்த பொதுப் பட்டியலில் 2200க்கு மேற்பட்ட எழுத்துகள் எளிய வடிவம் பெற்றன. சிங்கப்பூரும் 1969 முதலாக இவ்வழியிற் சென்றது. தாய்வான், ஹொங்கொங், மக்காவு ஆகியன மரபு வடிவத்தையே தொடர்ந்து போற்றி வருகின்றன. ஆகவே, ஒரே மொழியைப் படிக்கும் மக்கள் இரு வரிவடிவங்களுக்கு உரியவராயினர். ஒருவர் எழுதியதை மற்றவர் தம் வடிவிற் படிப்பதற்கு உதவுவனவே அம்மொழிக்குரிய மாற்றுக் கருவிகள். உலாவியோடு இணைந்து நிற்கும் இக்கருவி, திறக்கப்படும் பக்கத்தின் எழுத்துகளை ஒவ்வொன்றாய் எடுத்து, அட்டவணையோடு ஒப்பிட்டு, மறு வடிவத்தை அவ்விடத்தில் வைத்துவிடுகின்றது.

மரபு வடிவிலிருந்து எளிய வடிவுக்குச் செல்லும் பாதையிற் பெரும் இடர் இல்லை. திரும்பும் பாதையே இடர் நிறைந்தது. எளிமையாக்கத்தின்போது சில இடங்களில் இரண்டு அல்லது மூன்று மரபெழுத்துகள் ஒரே எளிய எழுத்தினுள் அடக்கப்பட்டன. தலைமயிரைக் குறித்த எழுத்தும் வெளியிடுதலைக் குறித்த எழுத்தும் ஒன்றாயின. அரசியைக் குறிக்கும் எழுத்தும் ‘பின்’ என்னும் பொருள்தரும் எழுத்தும் ஒன்றாயின. முகத்தைக் குறிப்பதும் கோதுமை மாவைக் குறிப்பதும் ஒன்றாயின. இத்தகைய எழுத்தைக் காணும் கருவி எந்த மரபெழுத்துக்குத் திரும்புவது? எழுத்தை மாத்திரம் நோக்கும் கருவி, முடிதிருத்தும் நிலையத்தின் பெயர்ப்பலகையில் மயிர் இருக்கவேண்டிய இடத்தில் வெளியீட்டை வைத்துவிடும்.

இதற்குக் கண்ட தீர்வு யாது? எழுத்து அட்டவணையோடு சொல் அட்டவணையும் தொகுக்கப்பட்டது. ‘ஓப்பன் சிசி’ போன்ற கருவிகள் முதலில் நீண்ட சொற்றொடர் பொருந்துகின்றதா என்று பார்த்து, அது கிட்டாதவிடத்தே தனி எழுத்துக்குச் செல்கின்றன. அவ்வாறு செய்தும் பிழை முற்றாய் ஒழியவில்லை. ஒரே கட்டுரையை இரு வடிவிலும் காட்டும் சீன விக்கிப்பீடியாவில், இன்ன இடத்தை இவ்வாறு மாற்றுக, இன்ன இடத்தை மாற்றாது விடுக என்று தொகுப்பாளர் தம் கையாலேயே குறியிடுவதற்கு வழி வைத்துள்ளனர். பொருளறிந்த ஒருவர் தீர்ப்பளிக்கவேண்டிய இடங்கள் எஞ்சியே இருக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. பல ஒன்றாகும்பொழுது இழக்கப்பட்ட வேறுபாட்டை, அந்த ஒன்றினை மாத்திரம் பார்த்து மீட்க இயலாது. இதுவே சீன எழுத்தின் அனுபவம் கற்பிக்கும் முதற் பாடம்.

தமிழ் எழுத்துச் சீர்திருத்தம்

தமிழிலும் மரபு வடிவம், சீர்திருத்த வடிவம் என இரண்டு உண்டு. பெரியார் ஈ. வெ. ராமசாமி 1935ஆம் ஆண்டில் ‘குடி அரசு’ இதழில் எழுத்துச் சீர்திருத்தத்தை முன்வைத்து, தம் ஏடுகளில் நடைமுறைப்படுத்தவும் தலைப்பட்டார். அவர் நூற்றாண்டையொட்டி 1978 ஒக்ரோபரில் தமிழ்நாட்டு அரசு அதன் ஒரு பகுதியை ஏற்று ஆணையிட்டது. அவ்வாணையால் வடிவம் மாறிய எழுத்துகள் பதின்மூன்று. ணா, றா, னா என்னும் மூன்றும், ணொ, றொ, னொ, ணோ, றோ, னோ என்னும் ஆறும், ணை, லை, ளை, னை என்னும் நான்கும் அவையாகும். முன்னைய ஒன்பதும் தனிக் கால் பெறாது சுழித்து எழுதப்பட்டு வந்தன. பின்னைய நான்கும் மேலே தும்பிக்கைபோல் வளைந்த ஒரு கொம்பினை ஏந்தி நின்றன. இலங்கையிலும் பிற்காலத்தில் இச்சீர்திருத்த வடிவங்களே வழக்கிற்கு வந்தன.

வன்னியின் ஊர்ப்பெயர்களை நோக்குவோர்க்கு இங்கு வியப்பான ஓர் ஒற்றுமை புலப்படும். இரணைமடுவில் ணையும், முல்லைத்தீவில் லையும், முள்ளியவளையில் ளையும், பெருநிலத்தின் வடவாயிலாகிய ஆனையிறவில் னையும் உள்ளன. தும்பிக்கை தாங்கிய நான்கெழுத்தும் இந்நான்கு பெயர்களில் முழுமையாய் அடங்கிவிடுகின்றன. கண்ணகை அம்மன் கோயில் கொண்டுள்ள வற்றாப்பளையோ றா, ளை என இரு பழைய வடிவங்களைத் தன்னகத்தே கொண்டது. எழுபதுகளில் அச்சான ஒரு திருவிழா அறிவித்தலையும் இன்று அச்சாகும் ஒன்றையும் அருகருகே வைத்தால், வன்னியின் முகவரியே உருமாறியிருத்தலைக் காணலாம்.

இவ்வாறு உருமாறியும் இழப்பு நேரவில்லை. ஒவ்வொரு பழைய வடிவமும் ஒரேயொரு புதிய வடிவத்தையே பெற்றது. இரு எழுத்துகள் எங்கும் ஒன்றாக்கப்படவில்லை. ஆதலால் செல்லும் பாதையும் திரும்பும் பாதையும் ஒன்றே. 1991ஆம் ஆண்டு முதற் பதிப்பு வெளியானபோதே தமிழுக்கு இடம் வகுத்த ஒருங்குறி முறை, எழுத்தின் உருவத்தை எண்ணாது எழுத்தையே எண்ணியது. லகரமும் ஐகாரக் குறியும் சேர்ந்தது ‘லை’ என்பதே கணினியின் நினைவில் இருக்கும். அதனைத் தும்பிக்கையோடு காட்டுவதோ இணைக்கொம்போடு காட்டுவதோ எழுத்துருவின் வேலை. சீனத்தில் இரு வடிவங்களுக்கும் தனித்தனிக் குறியெண்கள் வழங்கப்பட்டமையால் அங்கு மாற்றுக் கருவி தேவைப்பட்டது. தமிழில் எழுத்துருவை மாற்றினாலே போதுமாயிற்று.

எனினும் பெரியாரின் திட்டத்திலிருந்த மற்றொரு பகுதியையும் ஈண்டு நோக்குதல் தகும். ஐ, ஔ என்பனவற்றை அய், அவ் என எழுதலாம் என்பது அவர் கருத்து. 1978ஆம் ஆண்டின் ஆணை அதனை ஏற்கவில்லை. ஏற்கப்பட்டிருந்தால் ஐகாரமாய் இருந்தவையும் இயல்பாகவே அகரத்தோடு யகரமெய் பெற்று நின்றவையும் ஒரே வடிவில் வந்து கலந்திருக்கும். பழைய வடிவுக்குத் திரும்ப விரும்பும் கருவி, சீனக் கருவியைப் போன்றே சொல் அட்டவணையைத் தேடியிருக்கும். சீர்திருத்தம் நன்றோ தீதோ என்பது வேறு வினா. எவ்வகை மாற்றம் மீளக்கூடியது, எவ்வகை மாற்றம் மீள இயலாதது என்பதை அறிந்து செய்தல் வேண்டும் என்பதே இங்குப் பெறப்படுவது.

ஓலையும் பதிப்பாசிரியரும்

பல ஒன்றாகிய நிலையினைத் தமிழ் ஒருபொழுதும் கண்டதில்லை என்று கொள்ளுதலும் பொருந்தாது. ஓலைச்சுவடி எழுதியோர் புள்ளி இடுவதைப் பெரும்பாலும் தவிர்த்தனர். எகரத்துக்கும் ஏகாரத்துக்கும், ஒகரத்துக்கும் ஓகாரத்துக்கும் வடிவ வேறுபாடு காட்டப்படவில்லை. ரகரமும் ஆகாரத்தின் காலும் ஒன்றுபோலவே இருந்தன. இன்றுள்ள நெடில் வேறுபாட்டுக்கு வீரமாமுனிவர் பதினெட்டாம் நூற்றாண்டிற் செய்த சீர்திருத்தமே வழிகோலியது என்பர். ஆகவே சுவடியிலிருந்து அச்சுக்குச் சென்ற ஒவ்வோரெழுத்தும், அது குறிலோ நெடிலோ, உயிர்மெய்யோ மெய்யோ, ரகரமோ காலோ என்ற வினாவுக்கு விடைபெற்ற பின்னரே அச்சேற முடிந்தது. அவ்விடையை அளித்தவர் பதிப்பாசிரியர்.

யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இற் கலித்தொகையைப் பதிப்பித்தபொழுது செய்ததும் இதுவே. அவர் சுவடியைப் படியெடுத்ததோடு நில்லாது, ஓலையில் இல்லாத புள்ளியை யாப்பறிவாலும் இலக்கண அறிவாலும் பொருளறிவாலும் இட்டார். அந்தத் தலைமுறையினர் இட்ட புள்ளிகளின்மீதே இன்றைய தமிழ்க் கல்வி நிற்கின்றது. சீனக் கருவியின் சொல் அட்டவணை செய்ய முயலும் வேலையும் இப்பதிப்பாசிரியர் செய்த வேலையும் தன்மையால் ஒன்றே. வேறுபாடு யாதெனில், பதிப்பாசிரியர் தாம் ஐயுற்ற இடத்தைப் பாடபேதமாகக் குறித்து வைத்தார். கருவி தன் ஐயத்தை எவர்க்கும் அறிவிப்பதில்லை.

பாமினி என்னும் மறைவெழுத்து

ஓலைக்காலத்து இடர் அச்சுக்காலத்தோடு தீர்ந்தது என்று எண்ணியிருந்த வேளையில், கணினியோடு அது மீண்டும் புகுந்தது. ஒருங்குறி பரவுமுன், ஆங்கில எழுத்துகளுக்குரிய இடங்களில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்த எழுத்துருக்களே வழங்கின. ஈழத்தவரிடையே அவற்றுட் பெருவழக்குப் பெற்றது ‘பாமினி’. கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் உள்ள அச்சகங்கள், தட்டச்சுக் கடைகள், பாடசாலைகள் ஆகியவற்றிற் பழகியோர் யாவரும் இதனை அறிவர். பாமினியில் ‘தமிழ்’ என்று திரையிற் காண்பது, கணினியின் நினைவில் ஜே, கே, பீ, ஓ என்னும் ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமே. ‘இலங்கை’ என்னும் சொல் ஒரு காற்புள்ளியோடு தொடங்குகின்றது. இகரத்துக்குக் காற்புள்ளியின் இடமே ஒதுக்கப்பட்டிருந்தது. எழுத்துரு உள்ளவரை அது தமிழ். எழுத்துரு நீங்கினால் எம்மொழியுமன்று.

‘கிளிநொச்சி’ என்னும் பெயர் பாமினியிற் பதினொரு விசைகளாலானது. அதில் நகரத்துக்கு முன்னரே கொம்பு அழுத்தப்படுகின்றது; காலோ நகரத்துக்குப் பின்னர் வருகின்றது. தட்டச்சுப் பொறிக்குரிய ஒழுங்கு இது. கொம்பு இடப்புறத்தில் இருப்பதால் அதனை முதலில் இடுதல் கைக்கு இயல்பாயிற்று. ஒருங்குறியிலோ நகரம் முதலிலும் ஒகரக் குறி பின்னரும் நிற்கும். ஆகையால் மாற்றுக் கருவி ஒவ்வோர் எழுத்துக்கும் ஈடு வைத்தலோடு அமையாது, கொம்பையும் காலையும் சேர்த்து எடுத்து எழுத்தின் பின்னே நிறுத்தவும் வேண்டியதாகின்றது. ஈழத்தவரான சுரதா யாழ்வாணன் அமைத்த ‘பொங்கு தமிழ்’ போன்ற உலாவிக் கருவிகள் இப்பணியினை உலகெங்கும் பரந்திருந்த தமிழர்க்கு இலகுவாக்கின. தனி மென்பொருள் வேண்டாது, இணைய இணைப்பொன்று இருந்தாற் போதும் என்ற நிலை அவற்றால் உண்டாயிற்று. மறுதிசையிலும் அவை பயன்படுகின்றன. ஒருங்குறித் தமிழை ஒழுங்காய்க் காட்ட இயலாத பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளில் அழைப்பிதழ் அமைப்போர், ஒருங்குறியில் எழுதியதைப் பாமினிக்கு மாற்றியே பயன்கொள்வர்.

ஈண்டும் பல ஒன்றான இடங்கள் உண்டு. பாமினியில் ஆகாரத்தின் கால் ஒரு விசையிலும் ரகரம் மற்றொரு விசையிலும் உள்ளன. ஆயினும் ‘அவர்கள்’ என்பதில் ரகரமெய்யைத் தட்டச்சுச் செய்தோர் காலையே இட்டு அதன்மேற் புள்ளி வைத்தனர். கண்ணுக்கு அது ரகரமெய்யாகவே தோன்றியது. ஓலையில் ஒன்றாயிருந்த காலும் ரகரமும் கணினியில் மீண்டும் ஒன்றாய்விட்டன. காலுக்குப் பின் புள்ளி வந்தால் அதனை ரகரமெய்யாகக் கொள்க என்று கருவிக்குக் கற்பிக்கப்பட்டது. அவ்வாறே ஔகாரக் குறியின் வலப்பகுதிக்கும் ளகரத்துக்கும் பாமினியில் ஒரே விசைதான். ‘கௌரவம்’ என்பதிலும் ‘தெளிவு’ என்பதிலும் கொம்பு, மெய், ளகரம் என்ற ஒரே வரிசையே உள்ளது. அடுத்து வரும் குறியைப் பாராத கருவி தெளிவைத் தௌவாக்கிச் சிதைத்துவிடும். அடுத்த குறியை நோக்கும் கருவியோ ளகரத்தின்மேல் விசிறியோ புள்ளியோ உள்ளதா என ஆராய்ந்து தீர்மானிக்கும். ஒருங்குறியிலேயே நேரே தட்டச்சுச் செய்வோரும் ஔகாரக் குறிக்குப் பதிலாகக் கொம்பும் ளகரமும் இட்டு ‘கெளரவம்’ என்று எழுதுவதுண்டு. அச்சில் இரண்டும் ஒன்றே. தேடுபொறிக்கு அவை வெவ்வேறு சொற்கள்.

காற்புள்ளி தந்த இடர்

இவையெல்லாம் விதியால் தீர்க்கத்தக்கவை. விதியால் தீராதன சில உள. அவற்றுட் பலர் கண்ணிலும் பட்டது காற்புள்ளி தந்த இடராகும். பாமினிக் கோப்பில் தட்டச்சுச் செய்வோர் ஆங்கிலச் சொல்லையும் காற்புள்ளியையும் வேறொரு ஆங்கில எழுத்துருவில் இடுவது வழக்கம். கோப்பிலிருந்து எழுத்தை எடுத்து உலாவிக் கருவியின் பெட்டியில் இடும்பொழுது எழுத்துருவின் அடையாளம் உதிர்ந்துவிடும். எஞ்சுவது குறியெண் மாத்திரமே. எனவே உண்மையான காற்புள்ளி எது, இகரத்தைக் குறிக்கும் காற்புள்ளி எது என்று கருவியால் அறிய முடிவதில்லை. அது யாவற்றையும் இகரமாக்கிவிடும். ‘கிளிநொச்சிஇ முல்லைத்தீவுஇ வவுனியா’ என்றும், ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் ‘1இ500’ என்றும் இணையத்தில் வெளிவரும் விநோதத் தமிழின் பிறப்பிடம் இதுவே. ஆங்கிலச் சொற்களும் இவ்வாறே பொருளற்ற தமிழெழுத்துக் குவியலாகிவிடும்.

இதனைச் சிறு பிழையென ஒதுக்கிவிடுவோர் உண்டு. வன்னியிற் பிறந்த ஆவணங்களின் இயல்பை அறிந்தோர் அவ்வாறு ஒதுக்கமாட்டார். 2002ஆம் ஆண்டின் போர்நிறுத்தத்தின் பின் ஏ9 வீதி திறக்கப்பட்டது. அதன்பின் சில ஆண்டுகள் அச்சும் கணினியும் இப்பெருநிலத்தில் ஓரளவு பெருகின. பாடசாலை மலர்கள், கோயில் வரலாறுகள், மரணச் சடங்கின் முப்பத்தோராம் நாளில் வெளியிடப்படும் நினைவு மலர்கள் ஆகியன பாமினியில் அமைக்கப்பட்டன. பின்னர் போர் மீண்டது. 2008, 2009ஆம் ஆண்டுகளின் இடப்பெயர்விலே மக்கள் எடுத்துச்செல்ல இயன்றவற்றுட் புத்தகம் மிகச் சிலவே. 2009 மே மாதத்தில் போர் முடிந்து, முகாம்களில் இருந்து ஊர் திரும்பியோர் பலர்க்கு வீடே எஞ்சவில்லை. வீட்டிலிருந்த மலர்கள் எவ்வாறு எஞ்சும்? எங்கேனும் ஓர் இறுவட்டிலோ, வெளிநாட்டு உறவினரின் மின்னஞ்சலிலோ ஒரு கோப்பு எஞ்சியிருக்குமாயின், அதுவே அக்குடும்பத்தின் சுவடி.

முல்லைத்தீவு மாவட்டத்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் குடும்பத்தில் அத்தகைய சுவடியொன்று எஞ்சியது. அவருடைய தந்தையாரின் நினைவு மலர் அது. அச்சுப் பிரதி ஒன்றேனும் மிஞ்சவில்லை. மலர் அச்சாகுமுன் ஒப்புநோக்குவதற்காகக் கனடாவிலிருந்த மைத்துனருக்கு அனுப்பப்பட்ட கோப்பு அவர் கணினியிற் பல ஆண்டுகள் கிடந்து, பின்னர் திரும்பி வந்தது. ஆசிரியரின் பேத்தி, பல்கலைக்கழக மாணவி, அதனைத் திறந்தபொழுது பக்கமெங்கும் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமே தெரிந்தன. உலாவிக் கருவியில் இட்டதும் சில கணத்தில் தமிழ் தோன்றியது. முதியவர் மூக்குக்கண்ணாடியை அணிந்து, தம் தந்தையின் பெயரைத் திரையிற் கண்டபொழுது பேச்சின்றி இருந்தார்.

மலரின் இறுதியில் நான்கு தலைமுறைக் கொடிவழி இருந்தது. உறவினர் பெயர்கள் வரிசையாய் நிறுத்தப்பட்டு, பெயர்தோறும் இகரம் ஒட்டியிருந்தது. காற்புள்ளியே இகரமாயிற்று என்று அறிந்த பேத்தி, சொல்லிறுதியில் நின்ற இகரங்களையும் தனித்து நின்ற இகரங்களையும் ஒருசேரக் காற்புள்ளியாக மாற்றிவிட்டாள். பக்கம் தூய்மையாயிற்று. வரிவரியாகப் படித்துக்கொண்டு வந்த ஆசிரியர் ஓரிடத்தில் விரலை வைத்தார்.

“இதில என்ன செய்தனீ பிள்ளை?”

“கொமா வரவேண்டிய இடம் அம்மப்பா. எல்லா இடத்திலையும் மாத்திப்போட்டன்.”

“இது கொமா இல்லைப் பிள்ளை. அவற்றை தேப்பன்ரை பேர்.”

அவ்விடத்தில் நின்ற இகரம் ஒருவருடைய பெயரின் முதலெழுத்து. தட்டச்சுச் செய்தவர் அதன்பின் புள்ளி இடாது விட்டிருந்தார். காற்புள்ளிக்கு முன் இடைவெளி விடும் பழக்கமும் அவரிடம் இருந்தமையால், அம்மலரிலே தனித்து நின்ற இகரங்களிற் சில காற்புள்ளியாகவும் சில முதலெழுத்தாகவும் இருந்தன. வடிவாலோ இடத்தாலோ இரண்டையும் வேறுபடுத்த இயலாது. இன்னாருக்கு இன்னார் மகன் என்பதை அறிந்த ஒருவரால் மாத்திரமே இயலும். அன்று மாலை முழுவதும் முதியவர் ஒவ்வொரு பெயராய்ச் சொல்லப் பேத்தி திருத்தினாள். ஏறத்தாழ அறுபது பெயர்களில் ஆறு முதலெழுத்துகள் காற்புள்ளியாய் மறைந்திருந்தன. அவற்றுள் இரண்டு 2009இல் மறைந்தோருக்கு உரியவை. கொடிவழியில் அவர்கள் தந்தையரை இழந்து நிற்கும் நிலை அவ்வொரு மாலையால் நீங்கியது.

கருவியைக் குறைகூறுவதற்கு இந்நிகழ்ச்சி கூறப்படவில்லை. கருவி இல்லையேல் அம்மலர் திறந்திருக்கவே மாட்டாது. பல்லாயிரம் எழுத்துகளை அது ஒரு கணத்தில் வழுவின்றி மாற்றித் தந்தது. எஞ்சிய ஆறு எழுத்தை மாற்றித் தருவதற்கு எண்பது ஆண்டு வாழ்ந்த ஒருவரின் நினைவு தேவைப்பட்டது.

ஆங்கில வரிவடிவமும் ஊர்ப்பெயரும்

வன்னி மக்கள் இத்தகைய இழப்பைப் பிறிதொரு வகையிலும் நெடுங்காலமாய்க் கண்டு வருகின்றனர். நிருவாக ஆவணங்கள் ஆங்கிலத்தில் எழுதப்பட்டபொழுது ல, ள, ழ மூன்றும் ஒரே எழுத்தாயின. ந, ன, ண மூன்றும் ஒன்றாயின. ர, ற இரண்டும் ஒன்றாயின. குறில் நெடில் வேறுபாடும் பெரிதும் மறைந்தது. 1895ஆம் ஆண்டில் ஜே. பி. லூயிஸ் வன்னி மாவட்டங்கள் பற்றி வெளியிட்ட கைந்நூல் ஊர்களையும் குளங்களையும் அறியப் பெருந்துணையாய் நிற்பது. அதிலுள்ள பெயர்களைத் தமிழுக்கு மீட்போர், வளையா வலையா என்று ஒவ்வோரிடத்தும் வினவவே வேண்டும். முள்ளியவளை என்று அறிந்தவர்க்கு வினாவில்லை. அறியாதவர்க்கு ஆங்கில வடிவம் விடை தராது. கைவிடப்பட்ட சிறு குளமொன்றின் பெயரை அறிந்தவர், அதன் கீழ் வயல் செய்தவரே. அவர் மறைந்தால் அப்பெயரின் சரியான எழுத்தும் மறையும்.

செய்யவேண்டியன

மேற்கூறியவற்றால் மூன்று கடமைகள் புலனாகின்றன. முதலாவது, பாமினியில் உறங்கும் கோப்புகளை இப்பொழுதே ஒருங்குறிக்கு மாற்றுதல். மாற்றப்படாத கோப்பில் ஒருவர் பெயர் இருந்தும், அதனைத் தேடுவோர்க்கு அது அகப்படுவதில்லை. காணாமற்போனோரையும் சிதறிய உறவினரையும் தேடும் ஒரு சமூகத்தில், தேடினால் அகப்படாத பெயர் இல்லாத பெயருக்கு ஒப்பாகும். இறுவட்டும் நெடுநாள் நிலைக்கும் பொருளன்று.

இரண்டாவது, மூலக் கோப்பினை அழியாது வைத்தல். மாற்றம் முடிந்தது, பழையது எதற்கு என்று எண்ணிப் பலர் அழித்துவிடுகின்றனர். ஆங்கில எழுத்துருவில் இடப்பட்ட காற்புள்ளி எது என்ற அடையாளம் மூலக் கோப்பிலேதான் உள்ளது. சுவடியை அச்சிட்ட பின்னரும் சுவடியைப் பேணிய பதிப்பாசிரியரின் நெறி இங்கும் பொருந்தும். 2005இல் தொடங்கப்பட்ட ‘நூலகம்’ எண்ணிம நூலகம் போன்ற முயற்சிகள், அச்சுப் பக்கத்தை உள்ளவாறே படமாக்கிப் பேணுவதும் இந்நெறியைச் சார்ந்ததே.

மூன்றாவதும் முதன்மையானதும், மாற்றப்பட்டதை அறிந்தோரைக் கொண்டு ஒப்புநோக்குதல். ஊரையும் உறவையும் அறிந்த முதியோர் இன்னும் சில காலமே உடனிருப்பர். பேரரும் பேத்தியரும் கணினி அறிந்தோராய் உள்ளனர். இவ்விரு அறிவும் ஒரே வீட்டில் ஒரே வேளையில் இருக்கும் காலம் இதுவே. பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்கள் விடுமுறைக் காலத்தில் தம் உறுப்பினரை இப்பணியில் ஈடுபடுத்துமாயின், ஒவ்வொரு மாணவரும் தம் ஊரின் ஒரு மலரையேனும் பிழையறப் பதிப்பித்தவராவர். இதற்குப் பெரும் பொருட்செலவு வேண்டியதில்லை. ஒரு கணினியும், ஒரு மாலைப்பொழுதும், அருகே ஒரு முதியவரும் போதும்.

தாமோதரம்பிள்ளை காலத்தில் ஓலைகள் செல்லுக்கு இரையாயின. இன்று கோப்புகள் மறதிக்கு இரையாகின்றன. அன்று புள்ளியில்லா ஓலையிற் புள்ளியை இட்டவர் புலவர். இன்று இகரம் எது, காற்புள்ளி எது என்று பிரித்துக் காட்ட வேண்டியவர்கள் முள்ளியவளையிலும் ஒட்டுசுட்டானிலும் புளியங்குளத்திலும் திண்ணையில் அமர்ந்துள்ளனர். எழுத்தை மாற்றித் தரும் விசை எவர் கைக்கும் எட்டும் தூரத்தில் உள்ளது. அதனை அழுத்திய பின் அவர்கள் அருகிற் சென்று அமர்ந்து, ஒவ்வொரு பெயராய்ப் படித்துக்காட்டுதலே எஞ்சியுள்ள பணியாகும்.